சளியோட துபாய் ஃப்ளைட் ஏறினேன், காதுவலிக்கு கைகொடுத்தது இதுதான்

சென்னையிலேர்ந்து துபாய்க்கு நாலு மணி நேர ஃப்ளைட், கிளம்புற அன்னிக்குன்னு பார்த்து ரெண்டு மூக்கும் அடைச்சுக்கிச்சு. தங்கச்சி வளைகாப்பு, போகாம இருக்க மனசு வரல. டாக்டர்தான் "கோடீன்ங்கற போதை வகை மருந்து இருக்குற இருமல் சிரப்பை அங்க முன் அனுமதி இல்லாம கொண்டு போகக்கூடாது"ன்னு சொல்லி மாத்திக் கொடுத்தாரு, நல்லவேளை, வீட்ல ஏற்கெனவே இருந்த பாட்டில் அந்த கோடீன் சிரப்தான்.

மூக்குல விடுற சொட்டு மருந்தை தெரியாம செக்-இன் பெட்டியில போட்டுட்டேன். ஃப்ளைட் இறங்க ஆரம்பிச்சதும் இடது காதுக்குள்ள ஊசிய வச்சு குத்துற மாதிரி வலி, கண்ணுல தண்ணியே வந்துருச்சு. மூக்குக்குப் பின்னாடிலேர்ந்து நடுக்காதுக்குப் போற குழாய் சளியில அடைச்சிருந்தா காத்தழுத்தம் சமமாகாதாம், செவிப்பறை உள்ள இழுத்துக்குமாம். பணிப்பெண் கொடுத்த தண்ணிய மடக்கு மடக்கா முழுங்கி, மூக்கைப் பொத்தி வாயை மூடி மெதுவா காத்தை ஊதினேன், கொஞ்சம் தேவலாம், ஆனா காது திறக்க ரெண்டு நாள் ஆச்சு.

திரும்பி வர்றப்பவும் சளி முழுசா போகல. இந்த தடவை மூக்கடைப்பைக் குறைக்கிற ஆக்சிமெட்டாசோலின் சொட்டு மருந்தை கைப்பையிலயே வச்சிருந்தேன், 10 மில்லி பாட்டில்தான், செக்யூரிட்டில பிரச்சனையே இல்ல. இறங்க ஆரம்பிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி விட்டுட்டு, தூங்காம மிட்டாய் சப்பிக்கிட்டே உக்காந்திருந்தேன். வலியே இல்ல. பிபி இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க, நாள் கணக்கா விட்டுக்கிட்டே இருந்தா மூக்கு இன்னும் அடைச்சுக்கும்.