பிரிண்டருக்கே எல்லாக் காசையும் கொடுத்துவிடாதீர்கள்

புதுக்குடியிருப்பில் பனர், ஸ்டிக்கர் அடிக்கும் கடை திறக்கப்போகும் தம்பி ஒருவர் போன கிழமை ஒரு கொட்டேசனைக் கொண்டுவந்து காட்டினார். 1.6 மீற்றர் அகலம் அடிக்கும் எக்கோ சொல்வெண்ட் (கரைப்பான் கலந்த மை) பிரிண்டர், கணினி, மென்பொருள், கட்டர் எல்லாம் அதில் இருந்தன. அடித்த ஸ்டிக்கரின் மேல் பாதுகாப்புக்குக் கண்ணாடிபோன்ற பிலிமை ஒட்டும் லமினேட்டரைக் காணவில்லை. கேட்டேன். "அது மிச்சக் காசில சின்னனா ஒண்டு வாங்குவம் அண்ணை" என்றார். கிளிநொச்சியில் கடை தொடங்கியபோது நான் சொன்னதும் இதேதான். இதே கதையோடு என்னிடம் வந்த நாலாவது ஆள் அவர். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது.

ரோலைக் கோணலாகப் போடாதே, மை முடிகிறதா என்று பார் போன்றவற்றை மெசின் பூட்ட வருபவரே காட்டித் தருவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மிச்சக் காசில் லமினேட்டர்

கோயில் திருவிழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று பிளெக்ஸ் பனர் மட்டும் அடிக்கப்போகிறீர்கள் என்றால் லமினேட்டர் தேவையில்லை. ஆனால் ஓட்டோ, லொறி, கடைப் பலகை என்று ஸ்டிக்கர் வேலை எடுக்கிறீர்கள் என்றால், பிரிண்டர் எவ்வளவு அழகாக அடித்தாலும் லமினேட்டரில் கெட்டால் எல்லாம் குப்பைதான்.

என் பிரிண்டர் 1.6 மீற்றர். நான் வாங்கிய லமினேட்டர் 1.3 மீற்றர், கையால் சுற்றுவது. கடை திறந்து ஐந்தாம் மாதம் 60 அறிவிப்புப் பலகைகளுக்கு ஓடர் வந்தது. ஒவ்வொன்றும் 1.4 மீற்றர் சதுரம். 1.52 மீற்றர் அகல வினைல் (ஸ்டிக்கர் தாள்) ரோலில் ஒரே துண்டாக அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் அது லமினேட்டருக்குள் போகாது என்பது உறைத்தது. ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, இரண்டு துண்டாக லமினேட் செய்து, பலகையில் பொருத்தினோம். வெட்டு எழுத்துகளின் நடுவே போனது. ஒரு பாதி சற்று இழுபட்டு நீண்டிருந்ததால் எழுத்தின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒட்டவில்லை.

இழுபட்டதற்குக் காரணம் ரோலர். மலிவான மெசின்களில் ரோலரின் அழுத்தத்தை இரண்டு பக்கமும் தனித்தனி திருகால் சரிசெய்யவேண்டும். ஒரு பக்கம் அரைச் சுற்றுக் கூடினாலே பிலிம் ஒரு பக்கமாக ஓடிச் சுருக்கம் விழும். அதோடு, வேலை முடிந்ததும் ரோலர்களைத் தூக்கி விடவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இரவு முழுவதும் அழுத்தியபடியே விட்டதில் ரப்பர் ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் மெல்லிய குறுக்குக் கோடு வந்தது. இரண்டு நாள் பிரிண்டரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கோடுகளுக்கு இடையே அளந்து பார்த்தால் 41 சென்ரிமீற்றர். ரோலரின் விட்டம் 13 சென்ரிமீற்றர், அதன் சுற்றளவும் அதே 41 சென்ரிமீற்றர்தான். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பக் குறை வந்தால் முதலில் ரோலரின் சுற்றளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்குள் மாரி தொடங்கிவிட்டது, நாளும் நெருங்கிவிட்டது. பின்னேரம் அடித்ததை இரவே லமினேட் செய்தோம். எக்கோ சொல்வெண்ட் மை தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல்தான் இருக்கும். உள்ளே கரைப்பான் மிச்சம் இருக்கும். பிலிமால் மூடிவிட்டால் அது வெளியே போக வழியில்லாமல் வினைலையும் பசையையும் இளக்கும். மழை விட்டு வெயில் எறித்த மூன்றாம் கிழமை, பலகைகள் நிற்கும் துணுக்காய்ப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஓரங்கள் சுருண்டு, நடுவில் குமிழ் எழும்பி நின்றன. 60 இல் 37 பலகைகளைத் திரும்பச் செய்து கொடுத்தேன். வினைல், பிலிம், மை, லொறிக்கூலி எல்லாம் என் கையிலிருந்து போனது. அந்தக் காசுக்கு நல்ல லமினேட்டரே வாங்கியிருக்கலாம்.

இப்போது 24 மணித்தியாலம் கழியாமல் எதையும் லமினேட் செய்வதில்லை. மாரியில் இரண்டு நாள். ரோலை இறுக்கிச் சுற்றி மூலையில் வைத்தால் காயாது. தளர்த்திச் சுற்றி, நிமிர்த்தி நிறுத்தி, கீழிருந்து காற்றாடி பிடிக்கவேண்டும்.

ஆகவே லமினேட்டரின் அகலம் பிரிண்டரின் அகலத்துக்குக் குறையக்கூடாது. மோட்டார் இருக்கவேண்டும். மேல் ரோலர் இளஞ்சூடாகும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். 40, 50 பாகைச் சூட்டில் பசை நன்றாகப் பரவும், பிலிமுக்கடியில் வெள்ளி பூத்ததுபோன்ற காற்றுப்புள்ளிகள் குறையும். சூடு என்றவுடன் புத்தக அட்டைக்குப் பாவிக்கும் சுடு லமினேட்டரை வாங்கிவிடவேண்டாம். அது 100 பாகை அளவில் ஓடுவது, வினைல் சுருங்கிப்போகும்.

பிலிமிலும் கவனம். குறைவாகச் சுருங்கும் பொலிமெரிக் வினைலுக்கு மேல் மலிவான மொனோமெரிக் பிலிம் போட்டால் பிலிம் கூடுதலாகச் சுருங்கி ஓரத்தை இழுக்கும்.

பத்து அடி ஆசை

பத்து அடி அகலம் அடிக்கும் மெசினுக்கு ஆசைப்படவேண்டாம். எனக்கு வரும் ஓடர்களில் பெரும்பாலானவை ஐந்து அடிக்குள். பெரியது வந்தால் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கொடுத்து அடிப்பிக்கிறேன்.

கரண்ட்

அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், மை தெளிக்கும் ஹெட் தன் மூடிக்குத் திரும்பாமல் நடுவழியில் நின்று காயும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் எனக்குத் தெரிந்த இரண்டு கடைகளில் இப்படி ஹெட் போனது. யுபிஎஸ் இல்லாமல் மெசினைப் போடவேண்டாம். மையைக் காயவைக்கும் ஹீட்டர்களை அதில் கொடுக்காதீர்கள், அவை இழுக்கும் மின்சாரத்துக்கு யுபிஎஸ் தாங்காது. ஹெட் திரும்பி மூடிக்குள் போகும்வரை தாக்குப்பிடித்தால் போதும். எர்த் கம்பியை வயரிங் தெரிந்தவரைக்கொண்டு சோதியுங்கள்.

ஹெட்

மெசின் விலையைக் கேட்கும்போதே புது ஹெட்டின் விலையையும், அதை மாற்ற யார் வருவார் என்பதையும் கேளுங்கள். எப்சன் ஹெட்டுகளில் எக்ஸ்பி600 மலிவு, ஐ3200 விலை கூட. ஆனால் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை கடை பூட்டிக் கிடக்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மலிவு மை

மெசினில் இருக்கும் மையோடு கலக்காதீர்கள்.

இடம்

ஏ9 வீதியைப் பார்த்த முன்னறை வேண்டாம். ஆடிக் காற்றுக்கு வரும் புழுதி முழுவதும் ஈர மையில்தான் ஒட்டும்.

புதுக்குடியிருப்புத் தம்பி வருகிற வியாழன் கொழும்புக்குப் போகிறார். என் கடையிலிருந்து 1.52 மீற்றர் வினைலில் பத்து மீற்றர் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். காசு கட்டுமுன் அதைக் கடைக்காரரின் லமினேட்டரில் நிறுத்தாமல் ஓடவிட்டு, கடைசி மீற்றரில் பிலிம் எத்தனை மில்லிமீற்றர் விலகியிருக்கிறது என்று அளந்து எனக்குச் சொல்லச் சொன்னேன்.