சியெனா போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சியெனா போகப் போகிறோம் என்று யாராவது பயணத் திட்டத்தை நீட்டினால், நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அதில் வாடகைக் கார் இருக்கிறதா? நடக்க வசதியான செருப்பு, பாஸ்போர்ட் நகல் எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரோடு மதிலுக்குள் நுழைவது

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் இருக்கும் இந்த மலை நகரம் 1960களிலேயே தன் மையத்தில் கார்களைக் கட்டுப்படுத்திவிட்டது. மதிலுக்குள் பெரும்பகுதி இஸட்.டி.எல். எனப்படும், அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத கட்டுப்பாட்டுப் பகுதி. வழிமறிக்கக் காவலர் நிற்பதில்லை. சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை, ஒரு கேமரா, அவ்வளவுதான். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும், நீங்கள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவீர்கள்.

நண்பர் ஒருவருக்குப் புறப்படும் முன்பே இதைப் படித்துப் படித்துச் சொன்னேன். விடுதி மதிலுக்குள் இருந்தது. மேப் காட்டிய வழியில் நுழைந்தார், சந்து குறுகியதும் பயந்துபோய் வெளியே வந்தார், சுற்றிக்கொண்டு வேறொரு வாசலில் மறுபடி நுழைந்தார். ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து, கார் கொடுத்த நிறுவனம் அவர் கார்டிலிருந்து பணம் எடுத்தது. அது அபராதம்கூட இல்லை, அவருடைய பெயரையும் முகவரியையும் போலீசுக்குக் கொடுத்ததற்கான கட்டணம்! அபராதக் கடிதம் அப்புறம்தான் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒவ்வொரு நுழைவும் தனிக் கணக்கு. எனக்கு இன்னும் ஆறாதது அவர் சொன்ன காரணம்தான்: “எனக்கு முன்னாடி ஒரு கார் போச்சே!” போகத்தான் செய்யும். அனுமதி வைத்திருக்கிற உள்ளூர்க்காரருடைய கார் அது.

மின்பலகையில் ‘வார்க்கோ ஆத்திவோ’ என்று எரிந்தால் கேமரா விழித்திருக்கிறது, நுழையாதீர்கள். வாசல் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர்.

விடுதி உள்ளே இருந்தால் வண்டி எண்ணை முன்பே அவர்களுக்கு அனுப்புங்கள். பதிவு செய்தாயிற்றா, எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வாய்ப்பேச்சு போதாது. அதைவிட நிம்மதி, சாந்தா கத்தரீனா அல்லது சான் ஃபிரான்செஸ்கோ பார்க்கிங்கில் வண்டியைப் போட்டுவிடுவது. இரண்டிலிருந்தும் ஊருக்குள் ஏற எஸ்கலேட்டர் உண்டு. அபராதம் வந்தேவிட்டால், கடிதம் கைக்குக் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும்.

ரயில்தான் வசதி என்று நினைப்பது

சியெனா ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. எதிரே இருக்கும் வணிக வளாகத்துக்குள் புகுந்து, எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறி, அப்புறம் நடக்க வேண்டும். ஃபிளாரன்ஸிலிருந்து வரும் பேருந்து மேலேயே, பியாட்சா கிராம்ஷி என்ற சதுக்கத்தின் பக்கம் கொண்டுவந்து விடுகிறது. அங்கிருந்து ஊரின் மையமான காம்போ சதுக்கம் நடை தூரம்தான்.

சக்கரம் வைத்த பெரிய பெட்டி

கல் பாவிய ஏற்றம். வேண்டாம்.

பாலியோ நாளில் போய் மாட்டிக்கொள்வது

பாலியோ என்பது காம்போ சதுக்கத்தைச் சுற்றி ஊரின் பேட்டைகள் போட்டியிடும் குதிரைப் பந்தயம்; ஜூலை 2, ஆகஸ்ட் 16. சதுக்கத்தின் நடுவில் நிற்கக் கட்டணமில்லை, ஆனால் மணிக்கணக்கில் வெயிலில் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஓட்டம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது முன்னோட்டப் பந்தயங்களை. ஜூன் 29 மாலையும் ஆகஸ்ட் 13 மாலையும் தொடங்கி ஒவ்வொரு பாலியோவுக்கும் ஆறு நடக்கும். குதிரைகளும் அதே, பேட்டைக்காரர்களின் பாட்டும் அதே, நெரிசல் மட்டும் குறைவு.

கோபுரம் ஏறிவிட்டுத் திரும்புவது

காம்போ சதுக்கத்து நகராட்சி மாளிகையின் மாங்கியா கோபுரத்துக்குச் சுமார் 400 படி. ஏறி இறங்கிக் களைத்துப்போய், அதே கட்டடத்தில் அம்ப்ரோஜோ லொரென்செட்டி 1338–39இல் தீட்டிய நல்லாட்சி, கொடுங்கோலாட்சிச் சுவரோவியங்களைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஓவியம்.

பேராலயத் தரையை மறப்பது

பளிங்கில் இழைத்த 56 சித்திரங்கள். பெரும்பகுதியை ஆண்டில் பல மாதம் மூடியே வைத்திருப்பார்கள். கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் சில வாரங்கள்தான் முழுத் தரையும் திறக்கும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். விமான டிக்கெட் போடும் முன்பே பேராலயத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.