மென்பொருள் கட்டமைப்பை வரைபடங்களால் ஆவணப்படுத்தும் முறை

மென்பொருள் ஒன்றின் கட்டமைப்பை ஆவணப்படுத்த முனைபவர், வரையப்போகும் படத்தை யார், எந்தக் கேள்விக்கு விடை தேடிப் பார்ப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பயனர், நிரலாளர், சர்வர்களைப் பராமரிப்பவர் ஆகிய அனைவருக்கும் ஒரே படம் போதாது என்பதே பிலிப் குருக்டன் 1995இல் முன்வைத்த, நான்கு பார்வைகளையும் அவற்றை இணைக்கும் பயன்பாட்டுக் காட்சிகளையும் கொண்ட ‘4+1’ பார்வை மாதிரியின் அடிப்படை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு சைமன் பிரவுன் உருவாக்கிய, மென்பொருளை நான்கு நிலைப் படங்களில் படிப்படியாக விரித்துக் காட்டும் சி4 மாதிரியையே நான் பரிந்துரைப்பேன். பேருந்து முன்பதிவு மென்பொருளை எடுத்துக்கொண்டால், முதல் நிலைப் படத்தில் அது ஒரே பெட்டியாக நடுவில் இருக்கும். பயணி, பேருந்து நிறுவன ஊழியர், கட்டணச் சேவை, குறுஞ்செய்திச் சேவை ஆகியவை சுற்றிலும் அமையும். இரண்டாம் நிலையில் அந்தப் பெட்டி விரிந்து, மொபைல் செயலி, அதன் கோரிக்கைகளுக்குப் பதிலளிக்கும் ஏபிஐ சர்வர், தரவுத்தளம் எனப் பகுதிகள் தெரியும். இவற்றை சி4 ‘கண்டெய்னர்’ என்கிறது; நிரலை அதற்குத் தேவையானவற்றோடு பொதிந்து இயக்கும் டாக்கர் கண்டெய்னர் வேறு. ஒரு கண்டெய்னரின் உட்கூறுகளைக் காட்டும் மூன்றாம் நிலையைச் சிக்கலான பகுதிகளுக்கு மட்டும் வரைந்தால் போதும். நான்காம் நிலை நிரலையே காட்டுவதால், நிரல் மாறும்போதெல்லாம் பழையதாகிவிடும்; அதைக் கையால் வரைய வேண்டாம்.

பெட்டிகளைவிட அம்புக்குறிகளுக்கே அதிகக் கவனம் தேவை. செயலியிலிருந்து சர்வருக்குச் செல்லும் அம்பின் மேல் ‘பயன்படுத்துகிறது’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. ‘தேர்ந்தெடுத்த இருக்கையைப் பத்து நிமிடம் ஒதுக்கிவைக்கக் கோருகிறது, எச்டிடிபிஎஸ் வழியாக’ என்று எழுதினால், அந்த நேரம் கடந்தால் என்ன ஆகும் என்ற அவசியமான கேள்வி அங்கேயே எழும். நிறங்களுக்கும் கோட்டு வகைகளுக்கும் படத்தின் ஓரத்தில் குறிவிளக்கம் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஏன் இப்படி அமைத்தோம் என்பதைப் படம் சொல்லாது. மைக்கேல் நைகார்ட் 2011இல் விவரித்த கட்டமைப்பு முடிவுப் பதிவு அந்தக் குறையை நிரப்புகிறது: தலைப்பு, நிலை (முன்மொழிவா, ஏற்கப்பட்டதா என்பது), சூழல், முடிவு, விளைவுகள் ஆகியவற்றை ஓரிரு பக்கங்களுக்குள் எழுதுங்கள். முடிவு பின்னர் மாறினாலும் பழைய பதிவை அழிக்காமல், அது கைவிடப்பட்டதாகக் குறித்து, புதிய பதிவைச் சேருங்கள். ஆவணம் பெரிதானால் கட்டமைப்பு ஆவணங்களுக்கான ஆர்க்42 வார்ப்புருவின் 12 பிரிவுகளுக்குள் இவை அனைத்தையும் அடுக்கலாம். எல்லாப் பிரிவுகளையும் நிரப்ப வேண்டியதில்லை.

படங்களை, உரையைப் படமாக்கும் கருவிகளான பிளான்ட்யூஎம்எல் அல்லது மெர்மெய்டு கொண்டு உரைவடிவில் எழுதி, நிரலும் அதன் மாற்றங்களும் பதிவாகும் கிட் களஞ்சியத்திலேயே வையுங்கள். கட்டமைப்பை மாற்றும் நிரல் மாற்றம் மறுஆய்வுக்கு வரும்போது, அதனுடன் படத்தின் மாற்றமும் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.