லித்தியம் சாப்பிடுபவருக்குக் கஷாயம் கொடுக்கும் முன்

என் தம்பி மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். அத்தை நெருஞ்சில் கஷாயத்தோடு வந்தால் நான் சண்டை போடுவதில்லை. பெயர், அளவு, தேதியை மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்கிறேன். நீங்களும் எழுதுங்கள். மனநல மருத்துவரிடம் காட்டும்வரை கொடுக்காதீர்கள். நெருஞ்சில், சிறுபீளை போன்றவை சிறுநீரைப் பெருக்கும். உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

பத்தியத்தில்தான் எனக்குப் பெரிய பயம். உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் லித்தியம் ஏறும். ‘உப்பில்லாப் பத்தியம்’ என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரியவரானாலும், மறுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே குடித்துவிட்டாரா? திட்டாமல் கேளுங்கள், திட்டினால் அடுத்தமுறை மறைப்பார். மருத்துவரிடம் சொல்லி, லித்தியம் அளவு பாருங்கள். மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்தே ரத்தம் எடுக்க வேண்டும். பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், கைநடுக்கம் கூடினால், வாந்தி நிற்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.