ஒரே ராத்திரியில் 15 வயது கூடிய பையன்: போனிலேயே காதல் நகைச்சுவைக் குறும்படம் எடுப்பது எப்படி

போன மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனில் ஒரு குறும்படம் எடுத்தோம். 15 வயதுப் பையன் தூங்கி எழுந்தால் 30 வயது ஆளாக இருக்கிறான், அதுதான் கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நடிக்க ஆளும் பின்னணிக்குப் படகும் கரையிலேயே இருக்கும், அதனால் எங்கள் பக்கத்தில் படம் எடுக்க அதுதான் நல்ல நேரம்.

1. முதலில் காதலை யோசியுங்கள். சவரம் செய்யத் தெரியாமல் முழிப்பது, மீசையைப் பார்த்து அலறுவது எல்லாம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். எங்கள் பையன் முதல் நாள் சாயங்காலம் தோழியோடு சண்டை போட்டுவிட்டுத் தூங்கினவன். எழுந்ததும் மன்னிப்புக் கேட்க ஓடுகிறான். அவனுக்கு அது நேற்று நடந்த சண்டை. மண்டபத்தில் டீச்சராக இருக்கும் அவளுக்கோ 15 வருடம் ஆகிவிட்டது, எதற்குச் சண்டை என்பதே மறந்துவிட்டது. படம் முழுக்க இந்தக் காட்சியில்தான் நிற்கிறது. மனசளவில் அவன் இன்னும் சின்னப் பையன், அதனால் தொடுதல் கட்டிப்பிடித்தல் எதுவும் வேண்டவே வேண்டாம், அவள் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

2. பையன் ஆளாக மாறும் ஷாட். எங்களுக்கு மூன்று நாள் காலைப்பொழுது வீணானது இதில்தான். திண்ணையில் படுத்திருப்பவன் கைலியை முகத்துக்கு மேல் இழுக்கிறான், கைலி இறங்கும்போது பெரியவன் முகம். எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது. பையனை எடுத்து முடித்து, பெரியவர் சட்டை மாற்றி வருவதற்குள் வெயில் ஏறி, சுவரில் விழுந்த தென்னை நிழல் நகர்ந்துவிட்டது, போன் தானாக வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டது, ரெக்கார்ட் பட்டனை விரலால் அழுத்தியதில் சட்டகமும் கொஞ்சம் ஆடிவிட்டது. ஒட்டிப் பார்த்தால் இரண்டு வேறு வீடு மாதிரி இருந்தது.

ஆகவே, இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சட்டையோடு விடிவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஸ்டாண்டின் மூன்று காலையும் சுற்றித் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடுங்கள். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள், நிறத்தைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸையும் தானாக மாறவிடாமல் நீங்களே வையுங்கள். போன் தானாக ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். ரெக்கார்டிங்கை நிறுத்தாமல், ஒரே கிளிப்பில் பையன் எழுந்து போக, அதே தலையணைப் பள்ளத்தில் பெரியவர் படுக்கட்டும். நடுவில் உள்ளதை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

3. ஒலி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வசனம் எடுக்காதீர்கள், வடகடல் (பாக் நீரிணை) பக்கம் போய்விடுங்கள். ரோம உறை போட்ட காலர் மைக் ஒன்று வாங்குங்கள், போனின் சொந்த மைக் கடற்கரைக்கு உதவாது.

4. எடிட்டிங். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே தாராளம். கணினி இல்லையென்றால் நண்பரிடம் இரண்டு நாள் கடன் வாங்குங்கள், போன் திரையில் இந்த வெட்டு சரியா தப்பா என்று தெரியாது.

பின்சேர்க்கை: திண்ணைக்குப் பதில் வீட்டுக்குள் டியூப்லைட்டில் எடுத்த ஒருவர், சுவரில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதாகக் கருத்தில் எழுதியிருந்தார். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமரா ஆப்பில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பட்டை போய்விடும். அதை மாற்ற விடாத கேமரா ஆப் என்றால் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து எடுங்கள்.