சோப்தாவின் உறைபனிப் பாதையில் ஒரு நாள் நடை: சென்னையிலிருந்து செல்வோர் அறிய வேண்டியவை

மார்கழிக் காலையில் நம் மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியை நனைப்பதையும் பனி என்கிறோம். இமயமலையில் முழங்கால் அளவு குவிந்து கிடப்பதையும் பனி என்கிறோம். நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ மலையேறச் செல்பவர் இவ்விரண்டையும் விட, கல்லின் மேல் கண்ணாடித் தகடு போல உறைந்து கிடக்கும் நீரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். வெள்ளைப் பனியில் கால் புதைந்து நிற்கும். இந்தத் தகட்டில் கால் நிற்கவே நிற்காது.

உத்தரகண்ட் மாநிலத்தில் உக்கிமட்டிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள சோப்தாவையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து, பஞ்ச கேதாரங்கள் எனப்படும் ஐந்து சிவாலயங்களில் மிக உயரத்தில் இருக்கும் துங்கநாதர் கோயிலுக்குச் சுமார் மூன்றரை கி.மீ. நீளத்துக்குக் கல் பாவிய பாதை செல்கிறது. தீபாவளிக்குப் பிறகு கோயில் நடை சாத்தப்பட்டு, சுவாமி மக்கு கிராமத்துக்கு எழுந்தருளிவிடுவார். பாதையோரக் கடைகள் பலவும் மூடிக்கிடக்கும் என்பதால் உணவும் நீரும் நாமே சுமந்து செல்ல வேண்டும். கல் பாவிய பாதைதானே என்று பலர் எளிதாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் சிக்கலே அந்தக் கல்தளத்தில்தான் இருக்கிறது: பகல் வெயிலில் மேட்டுப் பனி உருகிக் கற்களின் மேல் வழிகிறது, இரவில் அது அப்படியே உறைந்துவிடுகிறது.

ஆயத்தத்தைச் சென்னையிலேயே தொடங்க வேண்டும். பரங்கிமலைப் படிகளிலோ திருக்கழுக்குன்றத்துப் படிகளிலோ வாரம் இருமுறை முதுகுப்பையுடன் ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட, நிதானமாக இறங்கிப் பழகுவதே முக்கியம், ஏனெனில் பனிப்பாதையில் பெரும்பாலோர் விழுவது தொடை சோர்ந்துபோன இறக்கத்தில்தான். ஓட்டப்பயிற்சிக் காலணி போதாது. கணுக்காலைப் பிடிக்கும், அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் கொண்ட மலையேற்றக் காலணியை ஒரு மாதம் முன்பே வாங்கி நடந்து பழக்குங்கள். தடித்த காலுறையுடன் போட்டாலும் விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். குளிருக்கு அஞ்சி மூன்று காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் சில்லிட்டுப்போகும்.

அடுத்தது மைக்ரோஸ்பைக். ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சிறு எஃகு முட்களும் கோத்த இதைக் காலணியின் மேல் இழுத்து மாட்ட வேண்டும். சோப்தா பக்கத்தில் வாடகைக்குக் கிடைத்தாலும், நம் காலணிக்கு அளவு பொருந்தாவிட்டால் நடுவழியில் கழன்றுவிடும் என்பதால், சொந்தமாக வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டே அதை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். முதல் முறை ரப்பர் நழுவி நழுவி ஐந்து நிமிடம் பிடிக்கும். பத்தாவது முறை ஒரு நிமிடத்தில் முடியும். விறைத்த விரல்களோடு சரிவில் நிற்கும்போது அந்த வித்தியாசம் பெரியது.

உடலோடு ஒட்டும் ஆடை பருத்தியாக இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அருமையான பருத்தி, அங்கே வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ் எனும் மென்மையான வெப்பத்துணிச் சட்டை, வெளியே காற்றைத் தடுக்கும் மேலங்கி என்று அடுக்கிக்கொண்டு, ஏறும்போது வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும் என்பதால், மூடியை நன்றாக இறுக்கிக் குப்பியைத் தலைகீழாக வையுங்கள். கைபேசி மார்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும்; குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும்.

கடல் மட்டத்தில் வாழும் நாம் 2,500 மீட்டருக்கு மேல் செல்லும்போது தலைவலியும் குமட்டலும் வரலாம். ஆகவே ஏறுவதற்கு முன் ஓர் இரவாவது சோப்தாவிலோ அருகிலுள்ள துகல்பிட்டாவிலோ தங்க வேண்டும். அறிகுறி தோன்றினால் மேலே ஏறக் கூடாது; கூடினால் இறங்கிவிட வேண்டும்.

கோயிலுக்கும் மேலே உள்ள சந்திரசிலா உச்சியில் சூரிய உதயம் பார்ப்பதற்காக அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே கிளம்பும் வழக்கம் அங்கே உண்டு. பனிப்பாதைக்குப் புதியவர்கள் அதை விட்டுவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பாதை மிக இறுகி உறைந்திருக்கும் நேரத்தில், இருட்டில், கல் எது உறைபனி எது என்று தெரியாமல் நடக்கும் ஆபத்துக்கு எந்தக் காட்சியும் ஈடாகாது. வானம் தெளிவாக இருந்தால் காலை பத்து மணிக்கும் சௌகம்பா சிகரம் தெரியத்தான் செய்யும். எட்டு மணி அளவில் கிளம்பி, எங்கே இருந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிடுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் மாலை ஐந்தே காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்; அதற்கு வெகு முன்பே மலையின் நிழல் விழுந்து, உருகிய நீர் மறுபடி உறையத் தொடங்கும். தலையில் மாட்டும் விளக்கு (ஹெட்லேம்ப்) கட்டாயம்.

நடக்கும்போது கண் எப்போதும் மூன்று அடி முன்னே இருக்கட்டும். வெளுத்துத் தெரியும் கல்லைவிட, மழையில் நனைந்ததுபோல் கறுத்து மினுக்கும் கல்லையே சந்தேகிக்க வேண்டும். நீட்டி மடக்கக்கூடிய மலையேற்றக் கம்பின் நுனியால் தட்டிப் பாருங்கள். நுனி வழுக்கினால் அது உறைந்த நீர். அத்தகைய இடத்தில் பாதையின் ஓரத்துப் புல்லிலோ சரளையிலோ கால் வையுங்கள். வேறு வழியில்லையெனில் முழங்காலைச் சற்று மடக்கி, முட்கள் அனைத்தும் ஒன்றாகப் பதியும்படி பாதம் முழுவதையும் தட்டையாக வைத்துச் சிற்றடியாக நடக்க வேண்டும். கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நடக்கவே கூடாது. இறங்கும்போது கம்பைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். சறுக்கிவிட்டால் கையை ஊன்றாமல் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுவது மணிக்கட்டைக் காக்கும்.

கோயிலுக்கு மேல் சந்திரசிலா வரை செல்லும் செங்குத்தான ஒற்றையடிப் பாதை உறைந்திருந்தால், கோயிலோடு திரும்பிவிடுங்கள். உடன் வருபவர் விடாமல் நடுங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, சமதளத்தில் தடுமாறினாலோ, ஈர உடையை மாற்றி, சூடாகக் குடிக்கக் கொடுத்து, அப்போதே கீழே அழைத்து வர வேண்டும்.

சோப்தாவை நெருங்கும் கடைசிப் பகுதி மரங்களின் நிழலில் இருப்பதால், பகலிலும் அங்கே பனி உருகாமல் கிடக்கலாம். வீடு வந்துவிட்டது என்று பலர் ஸ்பைக்கைக் கழற்றுவது அங்கேதான். தார்ச்சாலையில் கால் வைத்த பிறகு கழற்றுங்கள். சாலையிலும் நிழல் விழும் வளைவுகள் உறைந்திருக்கும் என்பதால், வண்டி நிற்கும் இடம் வரை கம்பை மடிக்க வேண்டாம்.