மெக்சிகோவில் முதல் மாதம்: வணக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வேலைக்கோ படிப்புக்கோ மெக்சிகோ போகிறவர்கள் ஸ்பானிஷ் இலக்கணத்தை நினைத்துக் கலங்குகிறார்கள். இலக்கணப் பிழையை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாயே திறக்காமல் கடைக்குள் நுழைந்தால்தான் முகம் சுருங்கும்.

படி 1: நுழைந்ததும் வணக்கம்

நண்பகல் வரை 'புவெனோஸ் தியாஸ்', இருட்டும் வரை 'புவெனாஸ் தார்தெஸ்', அதன்பின் 'புவெனாஸ் நோச்செஸ்'. நேரம் குழம்பினால் 'புவெனாஸ்' போதும். மூலைக்கடை, லிஃப்ட், டாக்டரின் காத்திருப்பு அறை என எங்கே நுழைந்தாலும், முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். "அரைக் கிலோ தக்காளி" என்று நேரே ஆரம்பிப்பது நமக்கு இயல்பு. அங்கே அது அதட்டலாகக் கேட்கும்.

சாப்பிடுகிறவர்களைக் கடக்கும்போது 'ப்ரோவெச்சோ' (நன்றாகச் சாப்பிடுங்கள்). விலகி வழிவிடச் சொல்ல 'கோன் பெர்மிசோ', இடித்துவிட்டால் 'பெர்தோன்'. காதில் விழாவிட்டால் 'கே?' என்று கேட்காதீர்கள், வெடுக்கென்று இருக்கும். 'மாந்தே?' என்பதே பணிவு.

படி 2: 'உஸ்தெத்' என்று ஆரம்பியுங்கள்

'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியவர்கள், அதிகாரிகள், கடைக்காரர்களிடம் 'உஸ்தெத்'. அவர்களே 'தூ' போடச் சொன்னால் மாறலாம். வினையும் கூடவே மாறும்: 'கோமோ எஸ்தா' (எப்படி இருக்கிறீர்கள்) மரியாதை, 'கோமோ எஸ்தாஸ்' (எப்படி இருக்கிறாய்) நெருக்கம்.

படி 3: ஊரைச் சொல்லும் விதம்

'சோய் தெ லா இந்தியா' என்று சொல்லுங்கள். 'இந்தியோ' என்ற சொல் மெக்சிகோவில் பழங்குடி மக்களை இழிவாகக் குறிக்கப் பயன்பட்டு வந்தது. அதனால்தான் இந்தியரை, எந்த மதத்தவரானாலும், 'இந்தூ' என்பார்கள். மதத்தைக் கேட்கவில்லை, வாதாட வேண்டாம்.

படி 4: சொல்லுக்குள் இருக்கும் பொருள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 'அஓரீதா' என்றால் அகராதியில் 'இப்போதே'. நடைமுறையில் ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், சில சமயம் ஒருபோதும் இல்லை. அவசரமென்றால் 'ஆ கே ஓரா?' என்று மணியைக் கேளுங்கள்.

'சனிக்கிழமை உங்கள் வீட்டில் விருந்து' என்று ஒருவர் சொன்னால் பதறாதீர்கள். 'சு காசா' என்று அவர் சொல்வது தன் வீட்டைத்தான். அது உபசார வழக்கு. 8 மணி விருந்துக்கு 8:30க்குப் போங்கள், சரியாக எட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருக்கலாம். அலுவலகத்துக்கும் டாக்டரிடமும் இந்தச் சலுகை கிடையாது.

உணவை நீட்டும்போது வெறும் 'கிராசியாஸ்' (நன்றி) சொன்னால் 'வேண்டாம்' என்று பொருள். வேண்டுமென்றால் 'சீ, கிராசியாஸ்'. யாராவது புறங்கையை உங்கள் பக்கம் உயர்த்திக் காட்டினால் அடிக்க ஓங்கவில்லை, நன்றி சொல்கிறார். நம் தலையாட்டலும் அவர்களுக்குப் புரியாது, வாயால் சொல்லுங்கள்.

படி 5: சாப்பாட்டு மேசை

முக்கிய உணவு பிற்பகல் 2 முதல் 4 வரை. சைவர்கள் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ (பன்றி இறைச்சி) வந்து நிற்கும், ஏனென்றால் 'கார்னே' பெரும்பாலும் மாட்டிறைச்சியையே நினைவூட்டும். 'நி போயோ, நி ஹமோன், நி பெஸ்காதோ' என்று கோழி, ஹாம், மீன் மூன்றையும் பெயர் சொல்லி மறுங்கள். மசித்த பீன்ஸிலும், மக்காச்சோள மாவில் அவிக்கும் தமாலிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்: 'யேவா மான்தேகா?' என்று கேளுங்கள். சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம்.

பில் தானாக வராது. கேட்காமல் கொண்டுவந்தால் விரட்டுவதாகிவிடும். 'லா குவென்தா, போர் ஃபவோர்' என்று கேட்டு வாங்கி, 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ் வையுங்கள்.

படி 6: கேமராவுக்கு முன் அனுமதி

நவம்பர் 1, 2 இறந்தோர் நாள்கள். கல்லறையில் செண்டுமல்லியும் மெழுகுவர்த்தியுமாக அமர்ந்திருக்கும் குடும்பத்தைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். சியாபாஸ் மாநிலத்தின் சான் ஹுவான் சாமுலா தேவாலயத்துக்குள் படமெடுக்கவே தடை. வாழ்த்துச் சொல்லும் நாளையும் சரிபாருங்கள்: சுதந்திர தினம் செப்டம்பர் 16. மே 5 சுதந்திர தினம் அல்ல, அது 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள்.